பத்து நாள் காவல்!

கருத்தடை ஆபரேஷன் மருத்துவர் கையில்... அதன்பின் தையலைக் காப்பது வீட்டார் கையில்

பெரும்பாலும் மூன்றாம் நாள்தான் தவறு நடக்கிறது. முதல் நாள் இரவு முழுக்க முனகிக் கிடந்த நாய், இரண்டாம் நாள் அரைகுறையாகச் சாப்பிட்ட நாய், மூன்றாம் நாள் காலையில் வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். பேப்பர் போடுபவரைப் பார்த்துக் குரைக்கும். சோபாவில் தாவி ஏறும். “அப்பாடா, தேறிட்டா!” என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய புனல் போன்ற கோனைக் கழற்றிவிடுவார்கள். மொட்டை மாடியில் ஓட விடுவார்கள். சாயங்காலம் புரட்டிப் பார்த்தால் வயிற்றில் இரண்டு தையல் பிரிந்திருக்கும்.

கருத்தடை ஆபரேஷன் செய்த நாயைப் பார்த்துக்கொள்வதில் உள்ள சிக்கலே இதுதான். நாய் தேறும் வேகம் வேறு, புண் ஆறும் வேகம் வேறு. வலி குறைந்ததும் நாய் பழையபடி ஆகிவிடுகிறது. உள்ளே தைத்த சதை அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பத்துப் பதினான்கு நாட்களைத்தான் வீட்டார் காவல் காக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆண் நாய்க்குச் செய்வது ஒப்பீட்டில் சிறிய வேலை. விதைகள் உடலுக்கு வெளியே இருப்பதால் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. பெண் நாய்க்கு அப்படியல்ல. வயிற்றைத் திறந்து, இரண்டு சினைப்பைகளையும் கருப்பையையும் எடுக்கிறார்கள். அங்கே போகும் ரத்தக் குழாய்களை இறுக்கிக் கட்டுகிறார்கள். பிறகு சதைச்சுவர், அதன்மேல் கொழுப்பு அடுக்கு, கடைசியாகத் தோல் என்று அடுக்கடுக்காகத் தைக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது தோலில் உள்ள இரண்டு மூன்று அங்குலக் கோடு மட்டும்தான். பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் சதைச்சுவரின் தையல்.

முதல் சில நாட்கள் வெட்டுப்பட்ட இடத்தில் லேசான வீக்கமும் சிவப்பும் இருக்கும். உடல் அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் கட்டம் அது. அதற்குப் பிறகுதான் புதுத் திசு வளர்ந்து இரண்டு பக்கமும் இணைகிறது. தோல் 10 முதல் 14 நாட்களில் ஓரளவு ஒட்டிவிடும். சதைச்சுவர் முழு வலுவைப் பெற மாதக்கணக்கில் ஆகும். மூன்றாம் நாள் அந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் நூல்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், மருத்துவர் சொல்லும் கட்டுப்பாடுகள் எல்லாம் தானாகவே புரியும்.

நாள் குறிப்பதற்கு முன்

நல்ல கவனிப்பு ஆபரேஷனுக்கு முன்பே தொடங்குகிறது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். எர்லிகியா, பபேசியா கிருமிகளை உண்ணிகள் பரப்புகின்றன. வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் நாய்க்கும் இந்தத் தொற்றால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். தட்டணு குறைந்தால் ரத்தம் உறையாது. ஆபரேஷன் மேசையிலும் அதற்குப் பிறகும் ரத்தக் கசிவு நிற்காது. ஆகவே, ‘சின்ன ஆபரேஷன்தானே’ என்று ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

நாய் கடைசியாக எப்போது ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், அவசரம் இல்லையென்றால் பல மருத்துவர்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஹீட் முடிந்த இரண்டு மாதத்துக்குள் செய்தால், சில நாய்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு பொய்க் கர்ப்ப அறிகுறிகள் வருவதுண்டு. மடி வீங்கும், பால் சுரக்கும், பொம்மையைக் குட்டிபோல் தூக்கி வைத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மடியைப் பிழிந்து பார்க்கக் கூடாது. பிழியப் பிழியப் பால் கூடும்.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். கிரேஹவுண்டு போன்ற மெலிந்த ஓட்ட நாய்களுக்குச் சிலவகை மயக்க மருந்துகள் இறங்க அதிக நேரம் பிடிக்கும். உடலில் கொழுப்பு குறைவு என்பதால் சீக்கிரம் குளிர்ந்தும் போகும். அதே உடல்வாகுள்ள நம் நாட்டு இனங்களுக்கும் அந்த எச்சரிக்கை தேவை. முதல் இரவு அவற்றுக்குக் கூடுதல் போர்வை போடுங்கள்.

தேதியும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய வாரம் வேண்டாம். பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாயை எந்தக் கயிறும் நிறுத்தாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரை காயாது, நாயின் வயிறும் காயாது. வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று கூட்டம் சேரும் வாரமும் ஆகாது.

முதல் இரவு

மயக்கம் முழுதாகத் தெளிய ஒரு நாள்கூட ஆகலாம். அதுவரை நாய் தள்ளாடும். காரணமில்லாமல் முனகும். கண் பாதி மூடியிருக்கும். உடல் நடுங்கும். மூச்சுக்குழாயில் குழாய் செருகியிருந்தால் ஒன்றிரண்டு நாள் லேசாக இருமும். இவையெல்லாம் வழக்கம்தான்.

ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்கவைத்துக் கூட்டி வருவதை அன்று மட்டுமாவது தவிருங்கள். ஆட்டோவோ காரோ பிடித்து, மடியிலோ இருக்கையிலோ படுக்கவைத்து அழைத்து வாருங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்தொடைகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வயிற்றில் கை படக் கூடாது.

படுக்கை தரையோடு தரையாக இருக்கட்டும். கட்டில், திண்ணை, படிக்கட்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம். பழைய பருத்திச் சேலையையோ வேட்டியையோ நான்காக மடித்து விரித்து, தினமும் மாற்றுங்கள். வெறும் சிமென்ட் தரையும் சாக்குப் பையும் ஆகாது. டைல்ஸ் தரை வழுக்கும் என்பதால், அது நடக்கும் வழியில் ஒரு மிதியடி போட்டு வையுங்கள். வீட்டில் வேறு நாய்கள் இருந்தால் தனி அறை. மயக்கம் தெளியாத நாய் குழம்பிப்போய் இருக்கும். செல்லமாகக் கொஞ்சப்போகும் குழந்தையைக்கூடக் கடித்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டு நிறையச் சோறு வைப்பது நம் பாசம். அன்றைக்கு அது வாந்தியில்தான் முடியும். முதலில் கொஞ்சம் தண்ணீர். அது வயிற்றில் தங்கினால், சில மணி நேரம் கழித்து வழக்கமான அளவில் பாதியோ அதற்கும் குறைவாகவோ உணவு. குழைந்த சாதத்தில் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி, அல்லது தயிர்சாதம் போதும். காரம், மசாலா, எண்ணெய், வெங்காயம், எலும்பு கூடாது. மறுநாள் பசி திரும்பிவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் மலம் கழிக்காவிட்டால் கவலை வேண்டாம். ஆபரேஷனுக்கு முன் பட்டினி கிடந்த வயிறு அது. சிறுநீர் மட்டும் ஒரு நாள் முழுக்கப் போகவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள்.

கோனைக் கழற்றாதீர்கள்

‘நாய் நக்கினால் புண் ஆறிவிடும்’ என்று ஊரில் சொல்வார்கள். ஆபரேஷன் தையலைக் கெடுப்பதில் இந்த நம்பிக்கைக்குப் பெரிய பங்குண்டு. நாயின் வாயில் கிருமிகள் ஏராளம். அது விடாமல் நக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் தோலை உரித்தெடுக்கும். முன்பற்களால் நூலைக் கவ்வி இழுத்தால், மருத்துவர் பொறுமையாகப் போட்ட தையலைச் சில நிமிடங்களில் பிரித்துவிடும். அதுவும் பெரும்பாலும் இரவில், நாம் தூங்கும்போது நடக்கும்.

இதற்குத்தான் கழுத்தில் மாட்டும் கோன். அது நாயின் மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். முதல் நாள் கதவில் இடிக்கும், சுவரில் மோதும், நம்மைப் பார்த்துப் பாவமாக விழிக்கும். அந்தப் பார்வைக்கு மசியக் கூடாது. பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் பழகிவிடும். சாப்பிடும்போது தட்டை ஒரு பலகைமேல் உயர்த்தி வைத்தால் சிரமம் குறையும். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஒருவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் கழற்றலாம்.

கோனை அறவே ஏற்காத நாய்க்கு, வயிறு முழுக்க மூடும் பருத்திச் சட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. குழந்தையின் பழைய டி-ஷர்ட்டை முன்பின் மாற்றிப் போட்டு, வால் பக்கம் முடிச்சுப் போட்டாலும் ஒப்பேறும். ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். துணிக்கு மேலேயே நக்கும் நாய்க்கு இது பயன்படாது. அதற்குக் கோன்தான் வழி.

மஞ்சளும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்

புண் என்றாலே நம் கை மஞ்சள் டப்பாவைத் தேடும். அதற்கு அடுத்து தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், டெட்டால், சாம்பல். தைத்த காயத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. கிருமி நீக்கிய சூழலில் வெட்டி, கிருமி நீக்கிய நூலால் மூடிய காயம் அது. அதைக் காய்ந்த நிலையில், தொடாமல் விடுவதே மருந்து. எண்ணெய் பூசினால் தையல் ஈரமாகவே இருக்கும். வாசனை பிடித்து நாய் இன்னும் அதிகமாக நக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் டெட்டாலும் புதிதாக வளரும் திசுவையே கருக்கிவிடும். மருத்துவர் ஏதாவது களிம்போ ஸ்பிரேயோ எழுதிக் கொடுத்திருந்தால் அது மட்டும் போதும்.

அதைவிட ஆபத்து, வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் வலி மாத்திரைகள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாய்க்கு வயிற்றில் ரத்தப்போக்கையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். மனிதருக்கு ஒரு மாத்திரை என்றால் நாய்க்கு அரை என்று கணக்குப் போடுவது விபரீதம். நாய்களுக்கென்று மெலாக்சிகாம் போன்ற வலி மருந்துகளை எடை பார்த்து மருத்துவர்கள் தருகிறார்கள். சாப்பிட்ட பிறகு, சொன்ன அளவில், சொன்ன நாட்கள் வரை கொடுக்க வேண்டும். மாத்திரையைத் துப்பும் நாய்க்கு ஒரு துண்டு இட்லிக்குள் புதைத்துக் கொடுத்தால் போய்விடும். ‘நல்லாத்தான் இருக்கே’ என்று ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

தையல் பிரிக்கும் வரை குளியல் கிடையாது. வாசல் தெளிக்கும் தண்ணீரில் படுப்பது, மழையில் நனைவது, மணலில் புரளுவது எல்லாவற்றுக்கும் தடை. வெளியே போய்வந்து வயிறு நனைந்திருந்தால் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நம் ஊர் வெக்கையில் ஈ ஒரு தனி எதிரி. கசிவுள்ள காயத்தில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். தையல் பிரிக்கும் வரை நாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடை உண்டு, ஓட்டம் இல்லை

பத்து முதல் பதினான்கு நாட்களுக்கு வெளியே போவது ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும். அதுவும் கயிற்றில், மெதுவாக. பந்து எறிந்து விளையாடுவது, படி ஏறுவது, கட்டிலில் தாவுவது, பூனையைத் துரத்துவது எதுவும் ஆகாது. லிஃப்ட் இல்லாத அடுக்ககத்தில் மூன்றாம் மாடி என்றால், சிறிய நாயைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். பெரிய நாய்க்கு, வயிற்றுக் காயத்தில் படாதபடி இடுப்புப் பக்கம் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கி, படிப்படியாக இறக்கலாம்.

சும்மா கிடக்கும் நாய்க்குச் சலிப்பு வரும். சலித்தால் தையல் நினைவு வரும். துண்டுக்குள் பிஸ்கட்டைச் சுருட்டி வைத்து மோந்து கண்டுபிடிக்க விடுங்கள். ‘உட்கார்’, ‘இரு’ என்று பழக்கலாம். மூளைக்கு வேலை கொடுத்தால் கால்கள் சும்மா இருக்கும்.

ஆண் நாய்களிடமிருந்து விலக்கி வைப்பதும் இந்த நாட்களில் அவசியம். ஹீட்டின்போதோ அதையொட்டியோ ஆபரேஷன் செய்த பெண் நாயின் வாசனை சில நாட்களுக்கு அப்படியே இருக்கும். குட்டி உண்டாகாது என்று அலட்சியமாக விட்டு, நாய் இணைந்துவிட்டால் உள்தையல்கள் கிழியக்கூடும். ஆபரேஷன் ஆன ஆண் நாய் வீட்டில் இருந்தால் வேறொரு எச்சரிக்கை: விதை நீக்கிய பிறகும் சில வாரங்களுக்கு அதனால் கருத்தரிக்கச் செய்ய முடியும்.

தினமும் ஒரு படம்

காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை நாயை மல்லாக்கவோ ஒருக்களித்தோ படுக்கவைத்துத் தையலைப் பாருங்கள். தினமும் அதே வெளிச்சத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ‘நேற்றைவிட வீக்கம் கூடியிருக்கா?’ என்ற கேள்விக்கு ஞாபகத்தைவிடப் படம் சரியாகப் பதில் சொல்லும். மருத்துவருக்கும் அனுப்பலாம்.

ஓரங்கள் ஒட்டியிருப்பது, லேசான இளஞ்சிவப்பு, சுற்றிக் கொஞ்சம் கன்றிப்போன நிறம், முதல் நாள் ஓரிரு துளிக் கசிவு ஆகியவை இயல்பு. தையலுக்குக் கீழே கோலிக்குண்டுபோல் கெட்டியாகத் தட்டுப்படுவது பெரும்பாலும் நூலைச் சுற்றி உடல் காட்டும் எதிர்வினை. தண்ணீர் நிறைந்ததுபோல் மெத்தென்ற வீக்கம், அதிகம் ஓடியாடிய நாய்களுக்கு வரும் நீர்க்கோர்வையாக இருக்கலாம். இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களே அமுக்கியோ குத்தியோ பார்க்க வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை

● ஈறு வெளிறிப்போவது. விரலால் ஈறை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளிறிய ஈறும் எழ முடியாத சோர்வும் உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம்.

● வயிறு உப்பிக்கொண்டே போவது.

● தையலிலிருந்து ரத்தம் சொட்டுவது, சீழ், துர்நாற்றம், புழு.

● திரும்பத் திரும்ப வாந்தி. ஒரு நாளுக்கு மேல் எதையும் சாப்பிடாமல் இருப்பது.

● காய்ச்சல். நாய்க்கு இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சலாகத் தெரியும் அளவு அதற்கு இயல்பு. 103-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

● தையல் பிரிந்து உள்ளிருந்து கொழுப்போ குடலோ வெளியே தெரிவது. அதை உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான துணியை நனைத்து மூடி, நாய் நக்காதபடி பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

தெரு நாய்க்குக் கோன் மாட்ட முடியாதே?

வீட்டு நாய்க்கு ஒரு குடும்பமே காவல் இருக்கிறது. தெரு நாய்க்கு?

கருத்தடை மூலம் தெரு நாய்களைக் கட்டுப்படுத்தும் யோசனைக்குச் சென்னைக்கு நீண்ட தொடர்பு உண்டு. நாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாக இதை 1960-களிலேயே முன்வைத்தது இங்குள்ள புளூ கிராஸ் அமைப்பு. மாநகராட்சி இதை ஏற்றுக்கொண்டது 1990-களில்தான். 2001-ல் மத்திய அரசு நாய்களுக்கான கருத்தடை விதிகளைக் கொண்டுவந்தது. அவற்றுக்குப் பதிலாக 2023-ல் புதிய விதிகள் வந்தன. பிடித்த நாய்க்கு ஆபரேஷன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் இதன் அடிப்படை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை நீங்கலாக மற்றவற்றுக்கு இந்த முறையையே உறுதிசெய்தது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிபடும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று நவம்பரில் தனி உத்தரவு வந்தது.

திரும்பிப் போகும் நாயைத் தினமும் புரட்டிப் பார்க்க ஆள் இல்லை. அதனால் இந்த ஆபரேஷனின் நுணுக்கமே வேறு. வெட்டு முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும். தோலுக்கு அடியில், தானே கரையும் நூலால் தைக்க வேண்டும். பிரிப்பதற்கு மறுபடி பிடிக்க முடியாது, வெளியே நூல் தெரிந்தால் கடித்து இழுத்துவிடும். பல நாள் வேலை செய்யும் மருந்தை ஒரே ஊசியில் போட வேண்டும். சில நாட்கள் கூண்டில் வைத்துக் காயத்தைப் பார்த்த பிறகே விட வேண்டும். இந்தக் கைத்திறனில் கால்நடை மருத்துவர்களைப் பழக்குவதற்கென்றே ஊட்டியில் ஒரு பன்னாட்டுப் பயிற்சி மையம் இயங்குகிறது.

2024-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சிப் பகுதியில் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள் இருந்தன. அவற்றில் ஆபரேஷன் ஆனவை ஏறத்தாழ 27 சதவீதம்தான். மீதியை முடிக்கும் அவசரத்தில், கூண்டில் வைக்கும் நாட்களைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டினால் திட்டமே கெட்டுவிடும். புண்ணில் புழு வைத்த ஒரு நாய் தெருவில் கிடந்தால், அதைப் பார்த்த அந்தத் தெருவாசி அடுத்த முறை மாநகராட்சி வண்டிக்குப் பக்கத்தில் எந்த நாயையும் விடமாட்டார்.

இங்கே தெருவாசிகளும் உதவ முடியும். காதில் புது வெட்டோடு நாய் திரும்பி வந்தால், தினமும் சோறு வைப்பவர் ஒருவாரம் அதன் வயிற்றையோ விலாவையோ தூரத்திலிருந்து கவனிக்கலாம். சில மையங்களில் விலாப் பக்கம்தான் வெட்டுவார்கள். நொண்டுகிறதா, ஒரே இடத்தை நக்குகிறதா, சாப்பாட்டுக்கு வரவில்லையா, ஈ மொய்க்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிடித்துச் சென்ற மையத்துக்கே தகவல் சொல்லுங்கள். நீங்களே பிடிக்க முயன்று கடி வாங்க வேண்டாம்.

தையல் பிரித்த பிறகு

தோல் தையலை மருத்துவர் எடுத்த பிறகும் ஒரு வாரம் போல நிதானம் தேவை. ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். மழித்த இடத்தில் முடி வளர ஓரிரு மாதம் ஆகும்.

இதற்குப் பிறகு வருவது வாழ்நாள் கவனிப்பு: எடை. சினைப்பைகளை எடுத்த நாயின் உடலுக்குத் தேவையான கலோரி சுமார் 20 முதல் 30 சதவீதம் குறைகிறது, பசியோ கூடுகிறது. ‘ஆபரேஷன் பண்ணினா குண்டாயிடும்’ என்று ஆபரேஷனைப் பழிப்பவர்கள், பழைய அளவிலேயே சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள். அளவைக் குறைத்து, நடையைக் கூட்டினால் நாய் குண்டாகாது. சில பெண் நாய்களுக்கு, குறிப்பாகப் பெரிய இனங்களுக்கு, பிற்காலத்தில் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம். அதற்கு மருந்து உண்டு. மாதங்கள் கழித்து மறுபடி ஹீட் அறிகுறி தெரிந்தால், சினைப்பையின் ஒரு துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம்; மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஆபரேஷன் செய்யாத பெண் நாய்களுக்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வருவது சாதாரணம். கவனிக்காவிட்டால் உயிரையே எடுக்கும். அப்போதும் இதே ஆபரேஷனைத்தான் செய்ய வேண்டும். காய்ச்சலில் துவண்ட, வயதான, ரத்தத்தில் விஷம் ஏறிய உடலில். ஆரோக்கியமான இளம் வயதில் பத்து நாள் காவல் இருப்பது எவ்வளவோ மேல்.

ஆகவே, ஆபரேஷனுக்குத் தேதி கேட்கும்போதே, அடுத்த பத்துப் பதினான்கு நாட்களும் வீட்டில் யார் இருப்பார் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆள் இல்லையென்றால் தேதியை மாற்றுங்கள், ஆபரேஷனைக் கைவிடாதீர்கள். தையல் பிரிக்கும் நாள்வரை, நாய் எவ்வளவு கெஞ்சினாலும் கோனைக் கழற்றாதீர்கள்.